வேலிமேடு

அல்மூட் தன் அப்பாவை இடப்பக்கம் புரட்டி முதுகுக்கடியில் புதுத் துணியை நுழைத்துக்கொண்டிருந்தபோது அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். காலையிலிருந்து ஸ்பூன் தண்ணீர்கூட இறங்காத மனிதருக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்ததோ!

"மேஜை இழுப்பறை. அடியில. பழுப்பு உறை," என்றார்.

"துணிய மாத்திடறேன், அப்புறம் பாக்கலாம்ப்பா."

"இப்ப."

உறையில் ஒரே ஒரு தாள். அப்பாவின் கையெழுத்து, முப்பது வருடத்துக்கு முந்தைய தேதி. நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அல்மூட்டின் அப்பா கெர்ஹோல்ட் கிழவர் சாலைத்துறையில் தார் போட்டவர்தான். ஆனால் பழைய எழுத்தைத் தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டு எங்கள் ஊருக்கு வரலாறு எழுதியவர். ஊதா அட்டை போட்ட அந்தப் புத்தகம் எல்லா வீட்டிலும் தேவாலயப் பாட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எக்பெர்ட் என்பவன் காட்டை வெட்டித் திருத்திய இடம், அதனால் எக்பெர்ட்ஸ்ரோட என்று மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லும். ஆயிரத்து நூற்று எழுபத்தாறில் ஒரு துறவிமடத்துப் பத்திரத்தில் இந்தப் பெயர் வருகிறது என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். அந்தக் கணக்கில் வருகிற சனிக்கிழமை ஊருக்கு எண்ணூற்றைம்பதாம் ஆண்டு விழா. தேவாலய வாசலில் வருடம் பொறித்த கல் நட்டாகிவிட்டது.

தாளில் இருந்தது வேறு கதை. எக்பெர்ட் வெட்டிய ஊர் இது அல்ல. அது ஓடைக்கு அந்தப் பக்கம், இன்று காடாகக் கிடக்கிற இடத்தில் இருந்தது. நம் ஊருக்கு அப்போது பெயரே கிடையாது. 'மேல்குடிசைகள்' என்பார்கள், அவ்வளவுதான். பல தலைமுறைக்குப் பிறகு கொள்ளைநோய் வந்த வருடம் அந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் கேட்டு, வறண்டு கிடந்த ஓடையைத் தாண்டி வந்தார்கள். நம்மவர்கள் வேலி போட்டார்கள். அடுத்த வசந்தத்தில் நாலு பேர் போய், எக்பெர்ட்ஸ்ரோடக்காரர்கள் நாங்கள்தான் என்று அதிகாரியிடம் சத்தியம் செய்தார்கள். காட்டில் விறகு வெட்டும் உரிமை அந்தப் பெயருக்குத்தான் இருந்தது. இன்றைக்கும் வீட்டுக்கு வீடு வருடாவருடம் பங்கு விறகு வருகிறதே, அந்த உரிமைதான்.

ஓடைக்கரை மேட்டுக்கு வேலிமேடு என்று பெயர். பன்றிகளை மறிக்க வேலி போட்ட இடம் என்று அப்பா புத்தகத்தில் எழுதியிருந்தார்.

"தெரிஞ்சே எழுதினீங்களா?"

"புஸ்தகம் அச்சான பிறகுதான் ஒரு பழைய சாட்சிப் பத்திரத்துல இது கிடைச்சுது." மூச்சு வாங்கினார். "பன்றின்னு சும்மா ஊகிச்சு எழுதினேன். அப்புறம் திருத்தல."

"முப்பது வருஷமா?"

"பயம்தான். சொன்னா என்னை யாரு தூக்குவா?"

எங்கள் ஊரில் பிணத்தைத் தூக்குவது பக்கத்து வீட்டுக்காரர்கள். குழியை மூடுவதும் அவர்கள்தான். சொந்தக்காரர்கள் மூன்று பிடி மண் போடலாம், மண்வாரியைத் தொடக்கூடாது. வெளியூரிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்துத் தூக்க வைத்த குடும்பம் என்றால் எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு கேவலம் இல்லை.

"நீயே சொல்லிடு. குழி திறந்திருக்கும்போதே சொல்லிடு. மூடிட்டா எல்லாரும் காபிக்கு ஓடிடுவாங்க."

அல்மூட்டுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "நல்லா இருக்குப்பா. உங்களத் தூக்க ஆள் வேணும்னு வாய மூடிட்டு இருந்தீங்க. அப்ப என்னை யாரு தூக்குவா?"

அவர் மறுபடியும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. "சரி, சரி, சொல்றேன்" என்று அவள் சொன்ன பிறகுதான் விரல்கள் தளர்ந்தன. மத்தியானம் இரண்டு மணிக்கு உயிர் போயிற்று. ஆன்மா வெளியே போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, வழக்கப்படி முதலில் பக்கத்து வீட்டு வோல்க்மாரிடம் போய்ச் சொன்னாள். வோல்க்மார் தொப்பியைக் கழற்றினார். "நீ ஒண்ணும் அலையாத தாயி, நான் வீடு வீடா சொல்லிக்கிறேன்," என்றார். எழுபது வயதில் ஊர் முழுக்க நடந்தே சொல்லிவிட்டு வந்தார். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

புதன்கிழமை அடக்கம். வோல்க்மாரும் இன்னும் மூன்று பேரும் தங்கள் மண்வாரிகளைக் கொண்டுவந்து மண்மேட்டில் குத்திவைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்கள். கயிற்றில் ஒரு சாய்வு இல்லாமல் இறக்கினார்கள். ஊர்த்தலைவி ஹென்ரிக்கே பேசினாள். "நம்ம ஊருக்கு வயசைக் கண்டுபிடிச்சுக் குடுத்தவரு. சனிக்கிழமை வரைக்கும் இருந்திருக்கக்கூடாதா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொய் அழுகை இல்லை.

அல்மூட் மூன்று பிடி மண் போட்டாள். பேசாமல் திரும்பிவிடலாம் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தாள். மண்டபத்தில் காபியோடு கொடுக்க ஆறு தட்டு கேக் காத்திருக்கிறது. தாளைக் குழிக்குள் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் கை தாளைப் பிரித்துவிட்டது.

"அப்பா இதப் படிக்கச் சொன்னார்," என்று ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்தாமல் கடைசி வரிகளுக்கு வந்தாள்.

"வேலிக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது பேர். தண்ணீர் கேட்டார்கள். ஒன்பதாம் நாள் சத்தம் நின்றது என்று சாட்சி சொன்னவன் சொல்கிறான். கடைசியாகக் கேட்டது ஒரு பெண் குரல். அவள் பெயரைச் சாட்சிக்காரன் சொல்லவில்லை. நாம் வைத்திருக்கும் பெயர் அவர்களுடையது."

ஊர்த்தலைவி ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"அல்மூட்," என்றாள் ஹென்ரிக்கே மெதுவாக. "இன்னிக்கா? விழாவுக்கு மூணு நாள்தானே இருக்கு."

"கடைசி காலத்துல புத்தி பிசகி எழுதியிருப்பான்," என்றார் வோல்க்மார்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. தேதி இருக்கு, பாருங்கண்ணே."

"எனக்கெதுக்கு அது? எழுநூறு வருஷத்துக் கதை. நான் போட்டேனா வேலி?"

"நீங்க போட்டதா யாரு சொன்னா? தெரிஞ்சா போதும்."

"தெரிஞ்சு?" வோல்க்மாரின் கழுத்து சிவந்துவிட்டது. "தெரிஞ்சு என்ன பண்ணணும்? பேர மாத்தணுமா? விறக வேண்டாம்னு சொல்லணுமா? உங்கப்பன் கெட்டிக்காரன்டி. இருந்தவரைக்கும் மாலை மரியாதை எல்லாம் வாங்கிகிட்டான். நம்ம தோள்ல ஏறி வந்து இறங்கிட்டான். இப்ப மகளை விட்டு நம்ம மூஞ்சில துப்புறான்."

அதில் பொய் ஒன்றும் இல்லை என்று அல்மூட்டுக்கே தோன்றியது.

அவர்தான் முதலில் திரும்பினார். மற்ற மூன்று பேரும் பின்னாலேயே போனார்கள். மண்வாரிகளை எடுக்கக்கூட இல்லை. மற்றவர்கள் காலணி உரசும் சத்தத்தோடு மண்டபம் இருக்கும் தெருவை விட்டுவிட்டு அவரவர் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். ஹென்ரிக்கே மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். ஆறு ஊருக்கும் சேர்த்து ஒரே பாதிரியார், ஒரு பெண்மணி. அடுத்த ஊரில் மூன்று மணிக்கு ஞானஸ்நானம் என்று அந்த அம்மாள் அல்மூட்டின் தோளைத் தொட்டுவிட்டுக் காரில் ஏறினாள்.

அல்மூட் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். யாராவது ஒருவர் வருவார் என்று நிஜமாகவே நம்பினாள். பிறகு அருகில் இருந்த மண்வாரியைப் பிடுங்கினாள். களிமண். இரவு மழையில் நனைந்து கனத்திருந்தது. முதல் வாரி பெட்டி மேல் விழுந்த சத்தத்தில் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. பத்து வாரிக்குள் உள்ளங்கை எரிந்தது. "பாவி மனுஷா," என்று அப்பாவை வாய்விட்டுத் திட்டினாள். திட்டிக்கொண்டே அள்ளிப் போட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கல்லறைத் தோட்டக் கதவு கிரீச்சிட்டது. வோல்க்மார். கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு வேலைச்சட்டையில் வந்திருந்தார். அவள் நிமிர்ந்தாள்.

"அந்த மண்வாரி என்னோடது," என்றார்.

அவள் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. குழியைப் பார்த்தார். பாதிகூட நிரம்பவில்லை. அவளுடைய கையையும் பார்த்தார்.

"முடிச்சுட்டு நல்லா கழுவிடு. எங்க வாசலுக்கு வெளியில சாத்தி வை. மணி அடிக்காத. உள்ள வராத."

"சரிண்ணே," என்றாள் அல்மூட்.

அவர் போய்க் கதவைச் சாத்தும் வரை நின்றாள். பிறகு விரலை அறுத்துக்கொண்டிருந்த மோதிரத்தைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த வாரி மண்ணை அள்ளினாள்.