மெஷினைத் தொடாத இயக்குநர்

கல்லூரியில் எல்லோரும் அவனை ஃபவுண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர். அதை அவன் மரியாதை என்று வாங்கிக்கொண்டுவிட்டதால் கேலி செய்தவர்கள்தான் ஏமாந்து போனார்கள். விடுதியில் துணி துவைக்கும் மெஷின் எப்போது காலியாகிறது என்று போனில் சொல்லும் ஓர் ஆப் அவனுடைய நிறுவனம். அதற்கு மொத்தம் நாலு வாடிக்கையாளர்கள். மூன்று பேர் அவனோடு சேர்ந்து ஆரம்பித்தவர்கள். நாலாவது அவனுடைய அக்கா. அவள் விடுதிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. தம்பி உயிரை வாங்குகிறானே என்று போனில் போட்டு வைத்திருந்தாள்.

இப்போது அவனுக்குக் கடைசிப் பருவம். ஏதாவது ஓர் அலுவலகத்தில் பயிற்சி வேலை பார்த்துச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் பட்டம் தருவார்கள். கூடப் படித்த எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டது. வகுப்பில் வாயைப் பிளந்து தூங்குகிறவனுக்குக்கூட. ஃபவுண்டருக்கு ஒரு பதில்கூட வரவில்லை. இந்த வாரத்துக்குள் இடம் பிடிக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு. வெளியே மார்தட்டினாலும் உள்ளே அவனுக்கு நடுக்கம்தான். அந்த நடுக்கத்தில் மனிதன் புத்தியோடு ஏதாவது செய்ய வேண்டுமா இல்லையா? இவன் தன் சுயவிவரத்தைத் திறந்து இன்னும் கொஞ்சம் காற்றடித்தான்.

தன்னைப் பற்றி வேறு யாரோ புகழ்ந்து எழுதுவதுபோல 'இவர், இவர்' என்றே எழுதினான். கணக்குப்பதிவியலில் தோற்று மறுபடி எழுதியவன், 'கணக்குப்பதிவியலை இரு பருவங்கள் ஆழ்ந்து கற்றவர்' ஆனான். தேர்வுக் குறிப்புகளை விற்கும் தொழில் ஒன்று இருந்தது. குறிப்புகளின் சொந்தக்காரன் சண்டை போட்டுப் பிடுங்கிக்கொண்டு போனதோடு அது படுத்துவிட்டது. 'தகுந்த தருணத்தில் தொழிலிலிருந்து வெளியேறியவர்' என்று எழுதினான். சாப்பாடு போடுகிறார்கள் என்று போய் உட்கார்ந்த ஒரு கூட்டம், தலைமைப் பண்புப் பயிற்சி ஆயிற்று.

அக்கா வாங்கிப் படித்தாள். "யாருடா இவரு? நமக்குத் தெரிஞ்சவரா?"

"சிரிக்காதக்கா. எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க."

அவன் நிஜமாகப் பார்த்த வேலை ஒன்றே ஒன்று. விடுமுறைதோறும் மாமாவின் ஜெராக்ஸ் கடையில் நிற்பான். அங்கே இருந்த கிழட்டு மெஷின் பேப்பரை விழுங்கிவிட்டுக் கக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மாமா திட்டுவார், தட்டுவார், கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார். இவன் வந்து பக்கத்துக் கதவைத் திறந்து, பச்சைக் குமிழைக் கொஞ்சம் பின்னால் திருப்பி, இரண்டு கையாலும் நேராக இழுப்பான். பேப்பர் ஒரு கிழிசல் இல்லாமல் வெளியே வரும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவன் கைக்கு அது தெரிந்திருந்தது. சுயவிவரத்தில் அவனோ 'ஆவண மேலாண்மை நிறுவனமொன்றின் செயல்பாட்டு இயக்குநர்'. மாமாவுக்கு நிர்வாக இயக்குநர் பதவி கொடுத்து, விசாரிக்க அவருடைய எண்ணையும் போட்டான்.

"போன் வந்தா என்னடா சொல்லணும்?" என்று மாமா ஆர்வமாகக் கேட்டார். "மெஷின் ரிப்பேர்ல நீ புலின்னு சொல்லட்டுமா?"

"ஐயோ, கவுத்துடாதீங்க மாமா! மெஷினை அவர் தொட்டதே இல்ல, மேற்பார்வை மட்டும்தான்னு சொல்லுங்க."

மாமாவுக்கு முகம் கொஞ்சம் சுருங்கிப் போயிற்று. ஆனாலும் வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

காப்பீட்டு அலுவலகம் ஒன்று அவனை வரச் சொன்னது. 'டிஜிட்டல் மாற்றப் பிரிவில் பயிற்சி' என்பது அறிவிப்பு. கதை விடுவதில் இவனுக்குச் சளைத்தவர்கள் இல்லை அவர்களும். மேலாளர் அம்மா அவனுடைய சுயவிவரத்தை அச்சிடக் கொடுத்தார். மூலையில் இருந்த மெஷின் முதல் பக்கத்தைத் துப்பிவிட்டு, இரண்டாம் பக்கத்தைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. அவர் மூடியைத் திறந்தார், மூடினார், எதையோ அழுத்தினார். பக்கத்துக் கதவில் பச்சைக் குமிழ் இவனுக்கு நன்றாகத் தெரிந்தது. கை துறுதுறுத்தது. பாதி எழுந்தும்விட்டான். ஓர் இயக்குநர் கையில் மை பூசிக்கொண்டு நிற்கலாமா என்ற நினைப்பு வந்து மறுபடி உட்கார வைத்தது.

"டெக்னிக்கல் ஆளுங்களைக் கூப்பிடலாமே, மேடம்," என்றான் கால் மேல் கால் போட்டு.

"சொல்லியாச்சு. அவங்க வர்றதுக்குள்ள உங்க நிர்வாக இயக்குநர்கிட்ட பேசிடுறேன்." போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். மாமாவின் குரல் அறை முழுக்கக் கணீரென்று கேட்டது. "அவரா? மேற்பார்வை மட்டும்தாங்க! மெஷினை அவர் தொட்டதே இல்ல!"

மேலாளர் நன்றி சொல்லிப் போனை வைத்தார். உள்கதவைத் திறந்து காட்டினார். கூரை வரைக்கும் பழைய கோப்புகள். நடுவில் இதே மாதிரி மூன்று மெஷின்கள். "இதான் எங்க டிஜிட்டல் மாற்றம். இதையெல்லாம் நகல் எடுக்கணும். மெஷின் தினமும் சிக்கும், கை வெச்சு வேலை செய்யற ஆள் வேணும். உங்களைப் போய் இதுல உட்கார வைக்க முடியுமா?"

"எனக்கு... மெஷின் ஓட்டத் தெரியும் மேடம்."

"இப்பதானே உங்க இயக்குநர் தொட்டதே இல்லன்னு சொன்னாரு?" என்றார் அவர், அன்பாகத்தான். மாமாவைப் பொய்யர் என்பதா, தானே பொய்யன் என்பதா? ஃபவுண்டர் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

நேரே கடைக்குப் போனான். மாமா வாசலுக்கே வந்துவிட்டார். "எப்படி மாப்ள, பொளந்து கட்டினேனா?"

அவருடைய முகத்தைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா மாமா," என்றான்.

"அந்தம்மா கேட்டப்போ, இவன் கை வெச்சா செத்த மெஷினும் ஓடும்ங்கன்னு தொண்டை வரைக்கும் வந்துடுச்சுடா. கஷ்டப்பட்டு முழுங்கிட்டேன். நீ சொன்னதைத்தானே சொல்லணும்?"

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்ல வேளையாக உள்ளே மெஷின் கடகடவென்று இருமி நின்றது. நகல் எடுக்க வந்த பெரியவர் ஒருவர் உச்சுக்கொட்டினார். "நீ இரு, சட்டை அழுக்காயிடும்," என்று மாமா தடுக்கத் தடுக்க, அவன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மண்டியிட்டான். முகத்தை யாரும் பார்க்காதபடி மெஷின் பக்கம் திருப்பிக்கொண்டு, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டான்.

பெரியவர் குனிந்து பார்த்தார். "கைகாரனா இருக்கானே! யாரு, உங்க கடை ஆளா?"

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "இயக்குநருங்க. மேற்பார்வை மட்டும்தான். மெஷினைத் தொட்டதே இல்ல."