நூறு சாரின் முதல் கேள்வி

அறைக் கதவில் 'மாணவர் நல அதிகாரி' என்று பலகை தொங்கினாலும், காவலாளி முதல் துணைவேந்தர் வரை எல்லோரும் அவரை நூறு சார் என்றுதான் கூப்பிட்டார்கள். மருந்தாளர் உரிமத் தேர்வில் அந்தப் பல்கலைக்கழகம் பல வருடங்களாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டிவந்தது. நடத்துவது அரசு வாரியம், கேள்வித்தாள் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒன்றுதான். அப்படியிருந்தும் நூறு வந்ததென்றால் அது பாடம் நடத்தியவர்களின் சாமர்த்தியம் அல்ல, நூறு சாரின் சாமர்த்தியம். தேறுவார்களா என்று சந்தேகம் தட்டுகிற பிள்ளைகளைத் தேர்வு எழுதவே விடாமல் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. எழுதாதவர் தோற்க முடியாதல்லவா, கணக்கு அவ்வளவு லேசானது.

நூறு வந்த ஒவ்வொரு வருடமும் கட்டணம் ஏறியது. இவ்வளவு வாங்குகிறார்கள் என்றால் சும்மாவா வாங்குவார்கள் என்று கூட்டமும் ஏறியது. ஆய்வுக்கூடத்தில் தராசு வேலை செய்கிறதா என்று ஒரு பெற்றோராவது கேட்டிருப்பார்களா? கேட்டதில்லை. இரண்டு தராசுகளில் ஒன்று வெகுநாளாகப் படுத்துவிட்டது, மற்றது தனக்குத் தோன்றிய எடையைக் காட்டிக்கொண்டிருந்தது.

நூறு சார் யாரையும் "நிறுத்துங்கள்" என்று சொன்னதே கிடையாது. பெற்றவர்கள் வாயாலேயே அது வர வேண்டும், அதில்தான் அவருடைய கைவண்ணம் இருந்தது. ஏசியைக் கூட்டிவைத்து, நல்ல நாற்காலியில் உட்காரவைத்து, அம்மாவின் கைக்கு எட்டுகிற பக்கமாக டிஷ்யூ பெட்டியை நகர்த்திவைப்பார். மார்க்கைப் பற்றி மூச்சே விடமாட்டார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"பிள்ளை சரியா தூங்குதா?"

கடைசி வருடம் படிக்கிற எந்தப் பிள்ளை சரியாகத் தூங்கும்? அம்மாவின் முகம் சுருங்கிவிடும். அப்புறம் சாப்பாடு, தலைவலி, எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவது என்று ஒவ்வொன்றாக அவர்களே சொல்லிக்கொண்டு வருவார்கள். கடைசியில், "ஒரு வருஷம் ரெஸ்ட் குடுத்துட்டு அடுத்த தடவை எழுத வெக்கலாமா சார்?" என்று கெஞ்சுவார்கள். நூறு சார் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு, "உங்களுக்காக" என்று இறங்கி வருவார். அடுத்த வருடமும் முழுக் கட்டணம் கட்டச் சம்மதித்து, கும்பிடும் போட்டுவிட்டுப் போவார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் அவர் தன் சொந்த அக்காவின் மூத்த மகளைச் சேர்த்துவிட்டிருந்தார். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். அக்கா திரைச்சீலை தைத்து விற்கிற கடை வைத்திருந்தவள். புருஷன் போனபிறகு அந்தக் கடையை வைத்தே இரண்டு பெண்களை வளர்த்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட அரசுக் கல்லூரியில் கால்வாசிக் கட்டணத்துக்கு இதே படிப்பு இருந்தது. அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விலை கம்மித் துணி ஒரே வெயில்ல வெளுத்துடும்டா. எனக்குத் தெரியாதா?" என்றாள். தெரியாதுதான். ஆனால் தெரிந்த தம்பி வாயை மூடிக்கொண்டிருந்தார்.

கடைசி வருடம் வந்தது. பல்கலைக்கழகத்துக்குள் வைக்கிற மாதிரித் தேர்வில் அறுபத்தைந்து எடுத்தால்தான் பெயர் வாரியத்துக்குப் போகும். வாண்டு அறுபத்திரண்டு எடுத்திருந்தாள். பதிவாளர் அம்மா அவரைக் கூப்பிட்டு, "உங்க அக்கா பொண்ணாமே. சங்கடமா இருந்தா நான் பேசட்டுமா? இல்ல, மூணு மார்க்குதானே, விட்டுடலாமா? நீங்களே சொல்லுங்க" என்றார்.

விட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்திருக்கும். அக்கா மகள் மேல் நூறு சாருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பாசத்தை நூறிலிருந்து கழித்துப் பார்த்தார், தொண்ணூற்றொன்பது சொச்சம் வந்தது. பதிவாளர் அம்மா ஓய்வு பெறப்போகிறார் என்பதும் அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

"வேண்டாம் மேடம், நானே பேசிக்கறேன்" என்றார்.

அக்காவும் மகளும் வந்தார்கள். டிஷ்யூ பெட்டி இடம் மாறியது.

"ஏன்க்கா, வாண்டு சரியா தூங்கறாளா?"

"எங்கடா தூங்கறா! விடிய விடிய லைட் எரியுது."

"படிக்கிறேன்மா" என்றாள் வாண்டு.

"போன வருஷம் இப்படித்தான் ஒரு பொண்ணு" என்று தொடங்கினார் நூறு சார். "பரீட்சை ஹால்லயே மயங்கி விழுந்துட்டா. அப்புறம் புஸ்தகத்தைப் பாத்தாலே கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் வைத்தியம் பாத்துட்டிருக்காங்க." அப்படி ஒரு பெண் பிறக்கவே இல்லை. ஆனாலும் அவள் வருடாவருடம் அந்த அறையில் மயங்கி விழுந்துகொண்டிருந்தாள்.

அக்கா சட்டென்று மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, வாரியத்துல பாஸ் மார்க் ஐம்பதுதானே? நான் அறுபத்திரண்டு எடுத்திருக்கேன். அப்புறம் என்ன?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. நூறு சார் ஏசி ரிமோட்டை எடுத்துப் பார்த்தார்.

"மாமா உன் நல்லதுக்குப் பேசறார். குறுக்க குறுக்க பேசாதே" என்றாள் அக்கா.

"மருத்துவமனைல வேலை தர்றேன்னு சொல்லியிருக்காங்கம்மா. இந்தத் தடவையே லைசென்ஸ் வாங்கினாதான். மாமாவுக்குத் தெரியும். நான்தான் அவர்கிட்ட முதல்ல சொன்னேன்."

"வேலை எங்க ஓடிப்போகப்போகுது? உடம்பு இருந்தாதானே வேலை" என்றார் மாமா.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வருஷம் நிறுத்திடலாமாடா? உங்க ஆளுங்க ஒத்துக்குவாங்களா?"

வந்துவிட்டது. நூறு சார் பெருமூச்சு விட்டார். "கஷ்டம்தான். உனக்காகக் கேட்டுப் பாக்கறேன்க்கா."

கையெழுத்து வாண்டுதான் போட வேண்டும். போட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டாள். அக்கா பேனாவை எடுத்து அவள் விரல்களுக்குள் திணித்தாள். "எனக்காகப் போடுடி. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எப்படி உயிரோட இருப்பேன்?" வாண்டு மாமாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் ஒரு தடவை தலையை அசைத்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பாள். அவர் தண்ணீர் குடித்தார். அவள் போட்டுக் கொடுத்தாள்.

அந்த வருடம் கேள்வித்தாள் படு லேசு. தகரக் கூரைக் கல்லூரியிலேயே விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர எல்லோரும் தேறிவிட்டார்கள். வாண்டுவிடம் நோட்ஸ் வாங்கிப் படித்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் அப்படித் தேறியவர்களில் ஒருத்தி. மருத்துவமனை வேலை அவளுக்குப் போனது. வாண்டு அம்மா கடையில் திரைச்சீலைகளுக்கு ஓரம் மடித்துத் தைத்தாள். பேருந்துகளின் முதுகில் பெரிய எழுத்தில் நூறு சதவீதம் என்று விளம்பரம் ஓடியது, கடை வாசல் வழியாகவும் ஓடியது. நூறு சார் பதிவாளரானார்.

புது அறையைப் பார்க்க அக்கா பூங்கொத்தோடு வந்தாள். கூடவே வாண்டுவும் வந்து சுவரோரமாக நின்றாள்.

"பாத்தியாடா, இந்த வருஷமும் நூறு!" என்றாள் அக்கா பூரிப்போடு. "எவ்வளவு நல்ல இடம்! நம்ம வாண்டுதான் இதுக்கு லாயக்கில்லாம போயிட்டா. ஒருத்தர்கூட ஃபெயிலாகாத இடத்துல இவளால பரீட்சைக்கே போக முடியலையே."

நூறு சார் பூங்கொத்தின் தாளைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார்.

"சின்னவளையும் இங்கயே போட்டுடறேன். ஃபீஸ் ஏத்திட்டாங்களா?"

"கொஞ்சம் ஏறியிருக்குக்கா."

"ஏறும்ல, நூறு காட்டறாங்களே" என்றாள் அக்கா. அவள் முகம் மலர்ந்தது. "ரெண்டு பேருக்கும் கட்ட என்னால ஆகாதுடா. இவளுக்குன்னு வெச்சிருந்ததை எடுத்து சின்னவளுக்குக் கட்டிடறேன். இவ என்கூடக் கடையைப் பாத்துக்கட்டும். நீ என்ன சொல்றே?"

இப்போதும் ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது.

"உன் இஷ்டம்க்கா. நான் என்ன சொல்றது" என்றார் நூறு சார்.

சுவரோரத்திலிருந்து வாண்டு கேட்டாள். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"மாமா, நீங்க சரியா தூங்கறீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "உங்க மாமாவா? சின்ன வயசுலேர்ந்தே அவன் படுத்தான்னா இடி விழுந்தாகூட எழுந்திரிக்க மாட்டான்டி."

அது உண்மைதான். அன்றைக்கும் நூறு சார் நன்றாகத் தூங்கினார்.