ஆற்றுக்கு ஏது சிமெண்ட் கரை

என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனார் செல்வாம்பாளைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினால் எனக்குப் பொழுது போதாது. அரசுப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில் இல்லையே தவிர, இன்றைக்கும் எங்களையெல்லாம் வரிசையில் நிற்க வைத்துத்தான் பார்ப்பார். கல்யாணமான புதிதில் என் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, உப்பு தூக்கல் என்று சபையில் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் என் கணவருக்குத் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தவரும் அவர்தான். லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் நான் இரண்டு தட்டு வைக்கிறேன் என்றால் அது அண்ணியால்தான். இதற்குப் பிறகு உப்பாவது, ஒன்றாவது.

கொடுக்க முதலில் போனது நான். எனக்கிருக்கும் சர்க்கரை வியாதியைப் பார்த்து டாக்டர் கையை விரித்துவிட்டார். சேதி கேட்டு அண்ணி கருவடிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "எனக்குப் பாக்கச் சொல்லு" என்றார். கணவரை இழந்து தனியாக இருப்பவர், யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் எடுத்துச் சொன்னபோது, கூடப்பிறந்தவனுக்கு யோசிக்க என்ன இருக்கிறது என்று அவரையே திருப்பிக் கேட்டார்.

அறுவைச் சிகிச்சை முடிந்து, என் கணவர் மதிவாணன் எழுந்து உட்காரத் தொடங்கியதும், சக்கர நாற்காலியில் அக்காவைப் பார்க்கக் கூட்டிப் போனேன். இரண்டு கையையும் கூப்பியபடிதான் உள்ளே போனார். அண்ணி படுக்கையில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி வாயைத் திறப்பதற்குள் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "பேசாத. இந்தத் தண்ணியப் பாரு" என்றார்.

அதில் யாரோ ஒருவன் மலை ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தான். தூண்டில் கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, பூ வைப்பதுபோல் மெல்லத் தண்ணீர்மேல் வைத்தான். முள்ளில் புழு கிடையாது. இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சிதான். பூச்சி விழுந்தது என்று நம்பி டிரவுட் என்கிற மீன் மேலே வந்து கவ்வியது. உடம்பெல்லாம் புள்ளி. அவன் கையை நனைத்துக்கொண்டு அதைப் பிடித்து, ஒரு நிமிடம் பார்த்து, மறுபடி ஆற்றிலேயே விட்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அண்ணி இதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் பழக்கம் இல்லை. சொன்னால் நம்மை மூன்றாம் மனுஷராக்கிவிட்டார்களே என்று கோபம் வரும். என் கணவர் அதனால் சொல்லாமல் செய்து பார்த்தார். சங்கிலி வாங்கிக் கொடுத்தார், திரும்பி வந்தது. பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார், அண்ணி அதை என்னிடம் தந்துவிட்டார். நான் வெட்கமில்லாமல் எல்லாக் கல்யாணத்துக்கும் அதைத்தான் கட்டிக்கொண்டு போகிறேன். கடைசியில்தான் அவருக்கு அந்த ஆறு ஞாபகம் வந்தது. அக்காவை இமயமலைக்குக் கூட்டிப் போய் டிரவுட் பிடிக்க வைப்பது என்று முடிவு செய்தார். அண்ணி இதை மட்டும் வேண்டாமென்று சொல்லவில்லை. சின்னப் பெண்போல், எப்போது போகிறோம் என்று கேட்டார்.

என் கணவருக்குத் தொழிலே பிளான் போடுவதுதான். உழவர்கரைப் பக்கம் பாதி வீடுகள் அவர் வரைந்தவை. சாப்பாட்டு மேசைமேல் இமாச்சல வரைபடம் வந்து உட்கார்ந்தது, நாங்கள் தரையில் சாப்பிட்டோம். எந்த மாதம் பனி உருகும், எப்போது மீன் பிடிக்க அனுமதி கொடுப்பார்கள், எந்தப் பூச்சிக்கு எந்த இறகு என்று ஓயாமல் படித்தார். அந்த மீன் நம் ஊர் மீனே இல்லையாம். வெள்ளைக்காரர்கள் எங்கிருந்தோ கொண்டுவந்து விட்டார்களாம்; நம் தண்ணீர் ஏற்றுக்கொண்டதாம். இதை என்னிடம் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார்.

தூண்டில் வந்ததும் எங்கள் மொட்டைமாடி மலை ஆறானது. அண்ணி தினமும் சாயங்காலம் வந்து வீசிப் பழகினார். முதல் நாள் எதிர்வீட்டுத் தலையணை உறையைப் பிடித்தார், அதைத் துவைத்து விடுவித்தோம். பந்து எறிந்த கை அல்லவா, சீக்கிரமே கோலப்பொடித் தட்டுக்குள் பூச்சியைச் சரியாக இறக்கினார். எங்களுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவரும் கன்னியம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு இதை வேடிக்கை பார்த்தாள். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவார்கள் என்று நான் சொன்னபோது, அப்போ டூர் மீனுக்கா உங்களுக்கா என்று கேட்டாள்.

எல்லாம் சரி, பயணம் மட்டும் கிளம்பவில்லை. என் கணவர் ஒரு வருடம் நிலச்சரிவு என்றார், அடுத்த வருடம் வேலை என்றார். டாக்டர் ஒவ்வொரு பரிசோதனையிலும் தாராளமாகப் போகலாம் என்றுதான் சொன்னார். மாத்திரையை நேரம் தவறாமல் போட வேண்டும், குடிக்கிற தண்ணீரைக் காய்ச்ச வேண்டும், அவ்வளவுதான். இவரோ குளிக்கிற தண்ணீரையும் காய்ச்சச் சொல்லுவார். அடுப்பில் ஒரு தவலை எப்போதும் கொதிக்கும். சிலிண்டர் போடுகிறவருக்கு எங்கள் வீடு மனப்பாடம். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்து வளர்ந்த மனிதர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அதில் கால் நனைக்கவில்லை. கடற்கரைச் சாலையில் நடந்தால் கரையில் கொட்டியிருக்கும் கருங்கல்லுக்கு இந்தப் பக்கத்தோடு சரி.

மேசைமேல் இருந்த ஆறும் இடம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் அது சாலை முடிகிற இடத்திலிருந்து ஒரு நாள் நடையில் இருந்தது. தேவதாருக் காட்டுக்குள், டிரவுட் தானாகப் பெருகி வாழும் ஆறு. அதற்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை என்று வேறொரு கிராமத்துக்கு மாற்றினார். பிறகு பஸ் நிற்கிற பாலத்தடிக்கு. ஆறு கீழ்நோக்கி ஓடும் என்று நானும் படித்திருக்கிறேன், ஆனால் இவருடைய காகிதத்தில் அது ஓடிய வேகத்துக்கு எந்த ஆறும் ஓடாது. அக்காவுக்கு இடுப்பு வரை வரும் ரப்பர் கால்சட்டை வாங்கினார். தனக்கு மடக்கு நாற்காலி ஒன்று வாங்கிக்கொண்டார்.

இந்தத் தை மாதம் ஒருநாள், எல்லாம் பதிவு செய்தாகிவிட்டது என்று அக்காவை வரச் சொன்னார். நான் கேசரி கிளறியிருந்தேன். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் காட்டிய படத்தைப் பார்த்தார், விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். செல்போனில் எத்தனை ஆறு பார்த்த கண் அது.

"ஆத்துக்கு ஏதுடா சிமெண்ட் கரை?" என்றார்.

என் கணவர் வரைபடத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். நெடுஞ்சாலை ஓரத்தில் மீன் பண்ணை. தொட்டியில் வளர்க்கும் டிரவுட். போனவர்களுக்கு ஒன்றாவது மாட்டும். பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. விசாரித்தபோது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். எனக்கும் அது அப்போதுதான் தெரியும். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது அக்கா என்று என் கணவர் முனகினார். அண்ணி ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேசரி அப்படியே இருந்தது. அண்ணி திட்டாமல் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மறுநாள் விடிந்ததும் வாசலில் ஹாரன் கேட்டது. அண்ணி தூண்டிலைக் கேட்டு வாங்கி, முள்ளைக் கழற்றிவிட்டு, நுனியில் கொஞ்சம் கம்பளி நூலைக் கட்டினார். எங்களையும் பின்னால் வரச் சொல்லிவிட்டு முன்னால் போனார். வைத்திக்குப்பத்தில் படகுகளைத் தாண்டி மணலில் இறங்கினோம். அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, அலைக்கு மேலே கயிற்றை வீசினார். வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். என் கணவர் ஈர மணல் தொடங்கும் இடத்தில், கோடு போட்டதுபோல் நின்றுவிட்டார்.

"டாக்டரு போலாம்ன்ட்டாரு. பின்ன யாருடா வாணாங்கறது?" என்றார் அண்ணி, திரும்பாமலே.

இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பயமா இருக்குக்கா. என்னுதுன்னா போயிட்டுப் போவுதுன்னு உட்டுடுவேன். இது உன்னுது. எதனா ஆச்சின்னா உனக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

இத்தனை நாளும் அவர் தன் உயிருக்குப் பயப்படுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். தவலை தவலையாக வெந்நீர் வைத்தபோது மனதுக்குள் கோழை என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணி கயிற்றைச் சுற்றிக்கொண்டு கரைப்பக்கம் வந்தார். "குடுத்தப்பறம் இன்னாடா என்னுது. எங்கருந்தோ கொண்டாந்து உட்ட மீனுன்னு நீதான சொன்ன? அத அந்தத் தண்ணி ஏத்துக்கிச்சில்ல? யாரு மீனுன்னு அது கேட்டுச்சா?"

அண்ணி தம்பியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். விசில் ஊதாத அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

"சரி, என்னுதுன்னே வச்சிக்க. அது சின்ன வயசுலருந்து எங்கூட கிரவுண்டுல ஓடிக்கிட்டிருந்ததுடா. அத நீ மடக்கு நாற்காலியில குந்த வச்சிட்டியே."

என் கணவர் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டினார். முதல் அலை பாதத்தை நனைத்தபோது தோளைக் குறுக்கிக்கொண்டார், அடுத்தது முட்டிவரை வந்தது. அண்ணி தூண்டிலை அவர் கையில் கொடுத்து, பின்னால் நின்று முழங்கையைப் பிடித்து வீசக் கற்றுக்கொடுத்தார். கம்பளி நூல் காற்றில் திரும்பி இவர் காதில்தான் மாட்டியது. அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே "அக்கா, நீ எனக்கு…" என்று ஆரம்பித்தார். கயிற்றைப் பார், அலை வருகிறது என்று அண்ணி அதட்டிவிட்டார்.

அன்று பத்து மணிக்கெல்லாம் என் கணவர் பண்ணைப் பதிவை ரத்து செய்தார். அங்கிருக்கும் மலை வழிகாட்டி ஒருவரைப் போனில் பிடித்து, தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் முதல் பிளானில் இருந்த அந்த மேல் ஆற்றையே கேட்டார். அதன் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் லாஸ்பேட்டையே கிளம்பிவிடும். சித்திரை கடைசியில் புறப்படுகிறோம். மாத்திரை, தண்ணீர் காய்ச்ச அடுப்பு எல்லாம் உண்டு. இன்னொரு ரப்பர் கால்சட்டைக்கும் சொல்லியாகிவிட்டது. மடக்கு நாற்காலி எனக்காம். ஆற்றில் இறங்க நான் என்ன விளையாட்டு ஆசிரியையா, உட்கார்ந்து பார்க்கிறேன்.

சாயங்காலம் வழக்கம்போல் தவலையை அடுப்பில் ஏற்றினேன். குளியலறைக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. "தீபா, சுடுதண்ணி வாணாம். பச்சத் தண்ணியே போதும்."

அடுப்பை அணைத்தேன். உள்ளே பக்கெட்டிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. சமையலறையிலேயே நின்று நன்றாக அழுதேன். பிறகு அண்ணிக்குப் போன் போட்டேன். இவ்வளவு வருடமாகச் சொல்லாத ஒரு வார்த்தையை இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்றுதான் போட்டேன். அவர் குரலைக் கேட்டதும் அந்த வார்த்தை வரவில்லை.

"அண்ணி, உங்க தம்பி பச்சத் தண்ணியில குளிக்கிறாரு" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"தலைய நல்லாத் தொவட்டச் சொல்லு. சளி புடிச்சிக்கப் போவுது."