மறு ஒளிபரப்பு

கண்ணாடிக்குள் இருந்த பேய் தலை வாரிக்கொண்டிருந்தபோது வேதியியல்காரி சாப்பாட்டுத் தட்டோடு வந்து குட்டியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விடுதியின் தொலைக்காட்சி அறைக்கு அந்தச் சாயங்கால நேரத்தில் வேறு யாரும் வருவதில்லை. ஆராய்ச்சி மாணவிகளில் பாதிப் பேர் ஆய்வகத்தில் இருப்பார்கள். மீதிப் பேர் ஆய்வகத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டு வேறெங்காவது இருப்பார்கள். அறிவியல் படித்தவள் பேய்க்கதை பார்க்கலாமா என்று வேதியியல்காரி வழக்கம்போல ஆரம்பித்தாள். நம்பினால்தான் பார்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா என்று இவளும் வழக்கம்போலத் திருப்பிக் கேட்டாள். விடுதியில் இவளுக்குப் பேயக்கா என்று பெயர். வீட்டில், முப்பதைத் தாண்டியும், குட்டி.

கதை ஒன்றும் பிரமாதமில்லை. பெரிய வீட்டு மருமகளை யாரோ கிணற்றில் தள்ளிவிடுகிறார்கள். அவள் நிலைக்கண்ணாடி வழியாகத் திரும்பி வருகிறாள். மாமியார், நாத்தனார், தோட்டக்காரர் என்று ஊரில் உள்ள எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறாள், புருஷன் கண்ணுக்கு மட்டும் தெரிய மாட்டேன் என்கிறாள். ஜன்னல்கள் சாத்திய அறையிலும் அவளுக்கென்று தனியாக ஒரு காற்று வீசும். யாராவது அதிர்ச்சி அடைந்தால் ஒரே முகத்தை மூன்று தரம் காட்டுவார்கள். இந்த அபத்தமெல்லாம் குட்டிக்கு உயிர். பகல் முழுக்க எதற்கும் ஆதாரம் கேட்கிற வேலை செய்கிறவளுக்கு, எதற்குமே ஆதாரம் கேட்காத ஒரு வீட்டுக்குள் அரை மணி நேரம் போய் உட்கார்ந்துவிட்டு வருவது பெரிய ஆறுதலாக இருந்தது.

அவளுடைய வேலை சேற்றில். ஓர் ஏரியின் அடியிலிருந்து குழாய் போட்டு எடுத்த சேற்றை அடுக்கடுக்காக வெட்டி, அமிலத்தில் கரைத்து, கரையாமல் மிஞ்சுகிற மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் காலத்தில் அந்தக் கரையில் என்னென்ன மரங்கள் நின்றன என்பதை அந்தத் துகள்கள் சொல்லும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் பார்த்தாகிவிட்டது. கடைசி அத்தியாயம் மட்டும் நகரவில்லை. ஒரு மரம் ஓர் அடுக்கோடு நின்றுபோகிறது, அதற்கு மேல் அதன் துகள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதை ஒரு வரியில் எழுத வேண்டும். குட்டி எழுதாமல் மறுபடி மறுபடி புது ஸ்லைடு தயாரித்துக்கொண்டிருந்தாள். இருக்கிறது என்று சொல்ல ஒரு துகள் போதும், இல்லை என்று சொல்லத்தான் நிறையப் பார்க்க வேண்டும் என்பது அவள் வாதம். அது சரியான வாதமும்கூட. ஆனால் அவளுடைய கைடு அன்று காலையில் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொல்லிவிட்டார்.

"இல்லேன்னா இல்லேன்னு எழுதும்மா. எத்தனை ஸ்லைடு பாத்தாலும் போனது வந்துடாது."

அவர் மரத்தைத்தான் சொன்னார். குட்டி கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அக்கா போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மா அப்பா போனபின் மருந்துக்கடையில் வேலை பார்த்துத் தங்கையைப் படிக்க வைத்தவள். இரத்தத்தில் வந்த நோய்க்குத் தன் கடை மருந்து எதுவும் உதவாது என்பது அவளுக்கே முதலில் தெரிந்தது. இந்தத் தொடரும் அவளிடமிருந்து ஒட்டிக்கொண்ட பைத்தியம்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் நடுவில், அத்தான் ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம், மூன்று தலைகளும் ஒரு போனுக்குள் கவிழ்ந்து கிடக்கும். அவள் போனபிறகு, பதினாறாம் நாளோ அதற்கடுத்த நாளோ, தொடர் முடிந்த கையோடு குட்டியின் போன் அடித்தது. அத்தான். "இன்னைக்குப் பாத்தியா?" என்றார். பார்த்திருந்தாள். அன்றிலிருந்து தொடர் வருகிற நாளெல்லாம் அது முடிந்ததும் கூப்பிட்டுவிடுவார். அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அதைப் பற்றியும் பேசமாட்டார், இவள் ஆராய்ச்சியையும் கேட்கமாட்டார், அக்காவின் பேச்சை இருவருமே எடுக்கமாட்டார்கள். மாமியார் என்ன சூழ்ச்சி செய்தாள், கண்ணாடியை யார் திருப்பி வைத்தது, இதுதான் பேச்சு. அக்காவைப் போலவே வில்லியைத் திட்டுவார். அக்காவைப் போலவே முடிவில் "நாளைக்குப் பாப்போம்" என்பார்.

அந்த மாதத்தோடு தொடர் முடிகிறது என்று சேனலில் அறிவித்துவிட்டார்கள். கேட்டதிலிருந்து குட்டிக்கு ஒரே கேள்விதான். மனைவி போனபிறகு மனைவியின் தங்கை என்ன உறவு? இன்றைக்கில்லாவிட்டால் நாளை அவருக்கு வேறொரு வாழ்க்கை அமையும், அமையவும் வேண்டும். தொடரும் முடிந்துவிட்டால் எதைச் சொல்லி அவர் கூப்பிடுவார்? அக்காவோடு ஒரே கட்டிலில் சாய்ந்து சிரித்த இன்னொரு ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். அவர் குரலும் நின்றுபோனால், அக்கா என்று ஒருத்தி இருந்ததை இவள் யாரிடம் போய்ச் சரிபார்த்துக்கொள்வாள்?

பேய் தலை வாரி முடித்து எழுந்தபோதுதான் குட்டிக்கு ஏதோ உறைத்தது. இந்தப் புடவையைப் பேய் இப்போதெல்லாம் கட்டுவதில்லையே. திரையின் அடியில் எழுத்துகள் ஓடின. தொழில்நுட்பத் தடங்கலால் இன்று ரசிகர்களின் அபிமானப் பகுதி மறுபடியும் ஒளிபரப்பாகிறது. பேய் நேரே சமையலறைக்குப் போயிற்று. மாமியார் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, கொதிக்கிற பாத்திரத்தில் உப்பை அள்ளிப் போட்டது. "பாரேன், செத்தும் சமையக்கட்டு விடல இவள" என்று அக்கா சொன்ன இடம் அது. சொல்லிவிட்டு, ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். சத்தம் கேட்டு அதட்ட வந்த நர்ஸ் கட்டில் ஓரத்திலேயே நின்று கடைசிவரை பார்த்துவிட்டுப் போனாள். குட்டி இப்போது அந்தக் காட்சியை அசையாமல் பார்த்தாள். வேதியியல்காரி எட்டி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் எழுந்து போய்விட்டாள். நல்ல பெண்.

முடிந்ததும் குட்டி தாழ்வாரத்துக்கு வந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவரும் இதைத்தானே பார்த்திருப்பார். தனி வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து பார்த்திருப்பார். இன்றைக்கு அக்காவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பேசிவிடலாம். இவ்வளவு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது போதும், அவர் தயங்கினால் நானே ஆரம்பிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். போன் அடித்தது.

"பாத்தியா குட்டி? நான் சொன்னேன்ல, அந்த மைத்துனன்தான் கிணத்துல தள்ளினவன்னு. கண்ணாடி உடைஞ்சதும் அவன் மூஞ்சி போன போக்கப் பாத்தியா?"

குரலில் அதே உற்சாகம். குட்டிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. எந்தக் கண்ணாடி? எந்த மைத்துனன்? அவர் வசனம் உட்பட விவரித்துக்கொண்டே போனார். பிறகு மெல்ல விளங்கிற்று. அடுத்த நாள் கதையை முந்தின நாளே ரசிகர்கள் இணையத்தில் எழுதிவிடுவார்கள். சுவாரசியம் கெட்டுவிடும் என்று இவள் அந்தப் பக்கம் போவதில்லை. அவர் அதைப் படித்துவிட்டுப் பேசுகிறார். இன்றைக்கு மட்டும் அப்படிச் செய்திருக்க மாட்டார், இத்தனை மாதமும் இப்படித்தான். துணைக்கு ஆள் வருகிறது என்று பேசிக்கொண்டே வெகுதூரம் நடந்தபின், திரும்பிப் பார்த்தால் பின்னால் யாருமே இல்லாதது போல அவளுக்கு இருந்தது.

ஆமாம் அத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாதக் கடைசிவரை இந்தக் குரல் வரும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"அத்தான், இன்னைக்கு அது வரல. பழசப் போட்டாங்க."

போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தாள்.

"நான் பாக்கறதில்ல குட்டி" என்றார் கடைசியில். "அவ போனப்புறம் ஒரு நாள் போட்டுப் பாத்தேன். முடியல. அந்த வீட்ல செத்தவ அவ பாட்டுக்குத் தெனமும் வந்து நிக்கறா. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. டிவிய எடுத்துப் பக்கத்து வீட்ல குடுத்துட்டேன்."

"அப்புறம் ஏன் அத்தான் தெனமும்…"

"வேற என்னத்தச் சொல்லி உனக்கு போன் பண்றது? நீ படிச்ச பொண்ணு. நான் என்ன பேசினா நீ கேப்ப?"

குட்டி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. தான் பயந்த அதற்கேதான் இத்தனை மாதமும் இவரும் பயந்துகொண்டிருந்தாரா? இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். வேலை செய்கிற கட்டடத்தில்தான் என்றார். எப்போதும் ஏதாவது ஒரு லிஃப்டுக்குள் உட்கார்ந்துதான் பேசுவாராம். வீட்டிலிருந்து பேசினால் குரல் உடைந்துவிடுகிறதாம்.

பிறகு அவரே கேட்டார்.

"பழசுன்னா, எது போட்டாங்க?"

"உப்பு போடுவாளே, அது."

அவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. எங்கேயோ மேல் மாடியில் யாரோ பொத்தானை அழுத்துகிறார்கள் போல, மணி ஒன்று விட்டு விட்டு அடித்தது.

"சொல்லு குட்டி" என்றார். "முதல்லேருந்து சொல்லு. வெளிய ரிப்பேர்னு போர்டு வச்சிருக்கேன். யாரும் வரமாட்டாங்க."

அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். பேய் கண்ணாடி முன் உட்கார்ந்து தலை வாரியதை, சீப்பில் சிக்கிய முடியை எடுத்து விரலில் சுற்றியதை, அவசரப்படாமல் சொன்னாள். சமையலறை வாசல் வந்ததும், இனி அக்கா சிரிக்கிற இடம் என்று, நிறுத்தினாள். மணி மறுபடி அடித்தது. அந்த லிஃப்ட் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.