அச்சேறாத காய்ச்சல்

1926ஆம் ஆண்டு, தெல்தோட்டையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த ஒரு லயத்தின்மீது மண் சரிந்த செய்தியை ‘மலைத்தூதன்’ ஆசிரியர் யாகப்பர் அச்சிடாமல் விட்டார். அன்று பிற்பகல் அந்த மண், கண்டி கட்டுக்கலையிலிருந்த அவருடைய வீட்டுக் குசினியில் சரிந்தது. தேயிலைச் செடிகளும் கூடவே வந்தன. மனைவி சூசையம்மா அடுப்பைத் தோண்டியெடுத்து விறாந்தையில் வைத்துச் சமைத்தாள். அள்ளிக் கொட்டக் கொட்ட மண் குறையவில்லை. வேறு வழியில்லாமல் யாகப்பர், பாக்கு விலைக்கும் மாட்டு ஏலத்துக்கும் நடுவே நாலு வரியில் அந்தச் செய்தியைப் போட்டார். பத்திரிகை கடைக்கு வந்த நேரத்தில் குசினி கழுவிவிட்டதுபோல் இருந்தது.

பிறகு இதுவே வழக்கமாயிற்று. தோட்டத் துரைமார் வேண்டாமென்ற செய்தியை யாகப்பர் மேசைமேலிருந்த ஆணிக் கம்பியில் குத்திவிடுவார். அது வீட்டில் நடக்கும். பொறுக்க முடியாமல் போனால் அச்சிடுவார். பிலிமத்தலாவையில் எரிந்த கடை அவருடைய அலுமாரிக்குள் எரிந்தது. ஒரு கங்காணி யாரையோ அடித்த அடி, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழந்தாளிட்டிருந்த அவர் முதுகில் விழுந்தது. இப்படி அலுமாரிக்கும் முதுகுக்கும் பயந்து அவர் போட்ட செய்திகளால் மலைநாடெங்கும் அவருக்கு அஞ்சாநெஞ்சர் என்று பெயர் வந்தது. கூட்டம் கூட்டி, ஆளுயர மாலை போட்டு, அந்தப் பட்டத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் கொடுத்தார்கள். “நெஞ்சாம் நெஞ்சு! அந்த மாலைய எங்க குசினிக்கில்ல போடணும்,” என்று சூசையம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

1932இல் ‘மலைத்தூதன்’ கம்பனியாக மாறியது. பங்குகளை வாங்கியவர்கள் விளம்பரம் கொடுப்பவர்களே. யாகப்பர் மனேஜிங் டிரெக்டர் ஆனார். சுழல் கதிரையும் சாரதியோடு காரும் வந்தன. தொப்பியைத் தாமே வாங்கிக்கொண்டார். ஆசிரியர் வேலையை யாழ்ப்பாணத்துச் சண்முகநாதனிடம் கொடுத்தார், ஆணிக் கம்பியையும் சேர்த்து. இனிச் செய்திகள் ஆசிரியர் வீட்டுக்குத்தானே போகும் என்பது அவருடைய எண்ணம். முதல் வேலையாக ஒரு விதி எழுதினார்: தோட்டங்களைப் பற்றிய எந்தச் செய்தியும் டிரெக்டர்மார் கூட்டத்தின் சம்மதமில்லாமல் அச்சேறக்கூடாது, மனேஜிங் டிரெக்டரே கேட்டாலும்கூட. அந்தக் கடைசிப் பகுதி அவருடைய நேர்மைக்குச் சான்றென்று மிகவும் பாராட்டப்பட்டது. சண்முகநாதன் வீட்டிலோ ஒரு குச்சிகூட எரியவில்லை. செய்திகள் தங்களை நிறுத்தியவரையே தேடிக் கட்டுக்கலைக்கு வந்தன. வெள்ளம் வந்தால் கட்டில்களைக் கல்வைத்து உயர்த்தப் பழகிக்கொண்டார்கள்.

1935இல் வத்தேகமைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பிள்ளைகள் காய்ச்சலில் விழுந்தார்கள். கொயினா மருந்து வரவில்லை. கொழுந்து பறிக்கும் ராக்கம்மா கண்டிவரை நடந்தே வந்து, பத்திரிகைக் கந்தோரில் யாகப்பர் முன்னால் நின்றாள்.

“பேப்பர்ல போட்டா மருந்து வரும்னு சொல்றாங்க தொரை. எம்புள்ள வீரம்மா கண்ணே தொறக்காமக் கெடக்குதுங்க.”

கூட்டத்துக்கு அனுப்புவதாக யாகப்பர் சொன்னார். வீட்டுக்குப் போனபோது அவருடைய ஒரே மகள் கத்தரீனா கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, இது இந்தப் பிள்ளையின் காய்ச்சல் அல்ல, ஆகவே மருந்து கேட்காது என்றார், பீஸ் வழக்கமானதுதான். யாகப்பர் தொப்பியை மறந்து அச்சகத்துக்கு ஓடினார்.

“வத்தேகமைச் செய்திய இப்பவே போடு, சண்முகநாதன்!”

“நீங்கள் எழுதின விதிதானே ஐயா. நீங்கள் கேட்டாலும் போடக்கூடாதெண்டு கிடக்கு. கூட்டத்திலை ஓம் எண்டு சொல்லட்டும், உடனே போடுறன்.”

“எம்மக செத்துருவாய்யா!”

“அப்பிடியெண்டால் மரண அறிவித்தல் போடலாம். அதுக்கு விதியிலை தடையில்லை.”

சண்முகநாதன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. பிள்ளையின் பெயரை எழுதக் கடதாசிகூட எடுத்துவிட்டார். யாகப்பர் டிரெக்டர்மாரைத் தேடிப் போனார். ஒருவர் நுவரெலியாக் குதிரைப் பந்தயத்தில் இருந்தார், மற்றவர் குதிரை தோற்ற துக்கத்தில் இருந்தார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது, மறுபடியும் ஒத்திவைக்கப்பட்டது. கடைசியில் கூடியபோது வீரம்மாவைப் புதைத்துப் புல் முளைத்திருந்தது. செய்தி பழசாகிவிட்டது, இனி எக்காலத்திலும் போடத் தேவையில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். தலைமை வகித்தவர் என்ற முறையில் யாகப்பரே கையெழுத்திட்டார். கையெழுத்து கோணியதைப் பேனாவின் குறை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

காய்ச்சலுக்குப் போக இடமில்லாமல் போயிற்று. கத்தரீனா சாகவில்லை, காய்ச்சலும் தணியவில்லை. ராக்கம்மா ஒருநாள் விசாரித்துக்கொண்டு கட்டுக்கலைக்கு வந்தாள். பிள்ளையின் நெற்றியில் கைவைத்ததும், “இது எம்புள்ள காய்ச்சல்தாங்கம்மா. எனக்குத் தெரியாதா?” என்றாள். சூசையம்மா பாயை எடுத்து அவளுக்கு விரித்தாள். அந்த வருடம் முடிவதற்குள் பிள்ளை எழுந்து நடமாடினாள். அவள் உட்கார்ந்த கதிரை மாலைவரை சூடாக இருக்கும். ஈரத் துணியை அதில் உலர்த்தினார்கள். ராக்கம்மாவை ஆத்தா என்று கூப்பிட்டாள். செபமாலையைச் சூசையம்மா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள், புதிதாகப் படிப்பவளைப்போல.

1938இல் ஒரு மத்தியானம் யாகப்பர் தாகமெடுத்து, “கத்தரீனா!” என்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. பலமுறை கூப்பிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “வீரம்மா,” என்றார்.

“இந்தா வாறேங்க, தொரை.”

மகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை வாசற்படிக்கு வெளியே ஒதுங்கி நின்றாள்.