ஆளெங்கே அம்மா

சட்டக் கல்லூரியில் பேராசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ஆளெங்கே அம்மா'. வைத்தவன் யாரோ ஒரு பழைய மாணவன். அவனே இப்போது எங்கோ நீதிபதியாக இருக்கிறான் என்று கேள்வி. ஆட்கொணர்வு மனு பற்றிய பாடத்தின் முதல் நாளன்று அவர் கரும்பலகையில் இரண்டே சொல் எழுதுவார்: ஆள் எங்கே? போலீஸ் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. எந்தத் தாளிலும் பதியவில்லை, எந்த நீதிபதி முன்னாலும் நிறுத்தவில்லை. அப்போது நீதிமன்றம் கேட்க வேண்டியது அவன் நல்லவனா கெட்டவனா என்பதல்ல, ஆள் எங்கே என்பதுதான். இதைச் சொல்லிச் சொல்லியே அம்மாவுக்குத் தலை நரைத்துப்போயிற்று.

கூடப் படித்தவர்கள் எல்லாம் சொத்துச் சட்டம், கம்பெனிச் சட்டம் என்று போய் வீடு வாசல் கட்டிக்கொண்டார்கள். இவர் மட்டும் லாக்கப்பைக் கட்டிக்கொண்டு அழுதார். மூன்று தடிப் புத்தகம் எழுதினார். எந்தெந்த நாட்டு வக்கீல்களோ அவற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாதாடப் போனார்கள். இவர் கறுப்புக் கோட்டு போட்டதே இல்லை. வகுப்பில் சிங்கம்தான், நீதிமன்றப் படி ஏறினால் முழங்கால் ஆடும். அதற்கென்ன, வாதாடத்தான் மாணவர்கள் இருந்தார்களே.

ஆனால் ஒரு குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. முதல் புத்தகத்தின் ஏழாவது அத்தியாயம். ஆளை ஒளித்து வைத்தவர்கள் அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்? அதைப் பற்றி எழுதத் தீர்ப்பு வேண்டும். தீர்ப்பு வந்தால்தானே? ஒவ்வொரு வழக்கிலும் விசாரணைக்கு முந்தின நாள் ஆளைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிடுவார்கள். மறுநாள் அரசு வக்கீல் எழுந்து, ஆள்தான் வீட்டில் இருக்கிறாரே என்பார். மனு அத்தோடு தீர்ந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமலே முப்பது வருஷம் ஓடிவிட்டது. ஒவ்வொரு பதிப்பிலும் அந்த அத்தியாயம் நாலைந்து பக்கத்தில் நொண்டியடித்து ஒரு புத்திமதியோடு நின்றுவிடும்: ஆள் திரும்பி வந்த பிறகும் மனுவைத் திரும்பப் பெறாதீர்கள். பெற்ற பிள்ளை வாசலில் நிற்கும்போது எந்தத் தாய் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பாள்? ஒருத்தரும் கேட்கவில்லை.

இந்தப் புத்தகங்களைக் கொஞ்சமும் மதிக்காத ஜீவன் ஒன்று உண்டு. பேராசிரியையின் சம்பந்தியம்மாள், அதாவது மகளுடைய மாமியார். தையல் கடை வைத்திருக்கிறவர். கத்தரிக்கோலை விட வாய் கூர்மை. கல்யாணம் முடிந்து வீடு பார்க்க வந்தபோதே அலமாரியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா சம்பந்தி? இதைப் படிச்சு யாராவது வெளியே வந்திருக்காங்களா?" என்று கேட்டவர். கேட்டதில் குத்தல் பாதி, உண்மை பாதி.

அந்தச் சம்பந்தியம்மாளின் சின்ன மகனைத்தான் ஒரு நாள் பட்டப்பகலில் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் அச்சகத்தில் வேலை செய்கிறவன். ஏதோ ஒரு தொழிற்சங்கத்தின் நோட்டீஸ் அங்கே அச்சாகியிருந்தது. சாதா உடையில் இரண்டு பேர் வந்து, சின்ன விசாரணைதான், உடனே விட்டுவிடுவோம் என்று சொல்லிக் காரில் ஏற்றினார்கள். நாள்கள் போயின, வாரங்களும் போயின. எந்த நிலையத்தில் கேட்டாலும் அப்படி யாரையும் கூட்டி வரவில்லை என்று ஒரே பாட்டு.

புத்தகத்தை நம்பாமல் தானே அலைந்து ஓய்ந்த சம்பந்தியம்மாள் கடைசியில் பேராசிரியையின் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கேலியும் இல்லை, குத்தலும் இல்லை. பேராசிரியை அன்றைக்கே தன் பழைய மாணவி நெட்டை வக்கீலைக் கூப்பிட்டு மனு போட வைத்தார். மனுதாரர் சம்பந்தியம்மாள்.

நல்ல வழக்கு. இதைச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நல்ல வழக்குத்தான். அச்சகத்துக்கு எதிரே இருந்த மருந்துக் கடையின் கேமராவில் காரும் ஆட்களும் பளிச்சென்று விழுந்திருந்தார்கள். நீதிபதியும் கேள்வி கேட்கிற ரகம். அந்த வருஷத்தோடு பேராசிரியைக்கு ஓய்வு. ஏழாவது அத்தியாயம் இந்த முறை எழுந்து நடக்கும் என்று அவருக்கு மனத்துக்குள் ஒரு ஆசை முளைத்தது. முளைத்த வேகத்திலேயே வெட்கமாகவும் இருந்தது. காணாமல் போனவன் தன்னை வாய் நிறைய அத்தை என்று கூப்பிடுகிற பையன் அல்லவா?

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் நெட்டை வக்கீல் மூச்சிரைக்க வந்தாள். அரசு வக்கீல் போன் செய்தாராம். நாளைக்கு நீதிமன்றத்தில் வாபஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பையன் இன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுவானாம். முடியாது என்றால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாதாம், தேடிக்கொண்டே இருப்பார்களாம்.

சம்பந்தியம்மாள் பேராசிரியையின் முகத்தையே பார்த்தார்.

"உங்க புத்தகத்துல இதுக்கு என்ன எழுதியிருக்கீங்க சம்பந்தி?"

"வாபஸ் வாங்காதீங்கன்னு எழுதியிருக்கேன்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

பேராசிரியை முப்பது வருஷப் படிப்பை ஒரு பக்கம் தள்ளிவைத்தார்.

"பையனைக் கூட்டிட்டு வாங்க சம்பந்தி. புத்தகம் கிடக்கட்டும்."

அவர் மனதாரத்தான் சொன்னார். ஆனாலும் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். மாணவியும் பின்னாலேயே வந்து நின்றாள். பிறகு அரசு வக்கீலுக்குப் போன் போட்டு, வாபஸ் வாங்கிவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தாள்.

சொன்னபடி சாயங்காலம் பையன் வந்தான். தெருமுனையில் ஒரு கார் அவனை இறக்கிவிட்டுப் போயிற்று. ஆள் பாதியாய் இளைத்திருந்தான். மற்றபடி கை கால் நன்றாகத்தான் இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அக்கம்பக்கத்தார் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். பேராசிரியையும் போய்ப் பார்த்தார். எங்கே வைத்திருந்தார்கள் என்று யார் கேட்டாலும் அவன் தரையைப் பார்த்தான். அம்மா ஊட்டிவிட்டதைச் சாப்பிட்டான். வீடே சிரித்துக்கொண்டிருந்தது, அவனைத் தவிர.

மறுநாள் விடிந்ததும் சம்பந்தியம்மாள் போன் செய்தார். குரல் கட்டியிருந்தது.

"சம்பந்தி, எம்புள்ள தண்ணி குடிக்கிறதுக்கு எங்கிட்ட அனுமதி கேக்குறான். பாத்ரூம் போகட்டுமாம்மான்னு கேட்டுட்டு நிக்கிறான். சொந்த வீட்டுல, சம்பந்தி. நான் சரின்னு சொல்ற வரைக்கும் நகரமாட்டேங்கிறான்."

பேராசிரியைக்குக் கண் நிறைந்துவிட்டது. மழை விட்டும் தூவானம் விடாத கதையை எத்தனையோ ஆய்வுக் கட்டுரையில் படித்திருக்கிறார். இப்படி ஒரு வாக்கியம் எதிலும் இல்லை.

வாபஸ் சொல்லப்போவதில்லை என்றார் சம்பந்தியம்மாள். மறுபடியும் தூக்கிக்கொண்டு போனாலும் போவார்கள் என்று பேராசிரியை மறைக்காமல் எச்சரித்தார். வாபஸ் வாங்கினால் மட்டும் தூக்கமாட்டோம் என்று எவன் எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று பதில் வந்தது. பழைய வாய் திரும்பிவிட்டது. பேராசிரியை விடவில்லை. உள்ளே இருந்தவன் அவன், அவனைக் கேட்டீர்களா என்றார்.

"கேட்டேனே. உன் இஷ்டம்மாங்கிறான். அவனுக்குன்னு ஒரு இஷ்டமே இல்லாம பண்ணிட்டாங்களே சம்பந்தி."

நெட்டை வக்கீலுக்குத்தான் தர்மசங்கடம். வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் கையைப் பிசைந்தாள். வாக்கு உன்னுடையது, மனு அவருடையது. போய் அரசு வக்கீலிடம் இப்போதே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு என்றார் பேராசிரியை. அவளும் போய்ச் சொன்னாள். அரசு வக்கீல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முழங்கால் ஆடினால் ஆடட்டும் என்று பேராசிரியை உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அம்மாவோடு வந்திருந்த பையன் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான்.

"உக்காரட்டுமா அத்தை?"

"உக்காருப்பா."

உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, சாய்ந்து கொள்ளட்டுமா என்று கேட்டான். பேராசிரியை அவன் கையைப் பிடித்துக்கொண்டார். சில்லென்றிருந்தது.

வழக்கைக் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் எழுந்து, ஆள் வீட்டில் பத்திரமாக இருக்கிறார், இனி இந்த மனுவில் ஒன்றும் இல்லை என்று பழைய பல்லவியைப் பாடினார். நீதிபதி சம்பந்தியம்மாளை முன்னால் வரச் சொன்னார். மகன்தான் வந்துவிட்டானே, முடித்துவிடலாமா என்று தன்மையாகவே கேட்டார்.

"ஆளு எங்கேன்னு கேட்டு வந்தேங்கய்யா. ஆளு வந்தாச்சு. இத்தனை நாள் எங்கே இருந்தான்? அதை இன்னும் யாரும் சொல்லலையே. சொன்னா நான் போயிடறேன்."

நீதிபதி பேனாவை எடுத்து எழுதினார். பிறகு அரசு வக்கீலைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். போலீஸ் அவரைக் கூட்டிப் போகவே இல்லை, யாராவது நண்பர் வீட்டில் இருந்திருக்கலாம், எங்கே என்று எங்களுக்குத் தெரியாது என்றார் அரசு வக்கீல். கேமராவில் இருப்பது யார் என்று நீதிபதி கேட்டார். அதற்கும் தெரியாது என்பதுதான் பதில்.

"அப்போ யாருக்குத்தான் தெரியும்?" என்றார் நீதிபதி.

பேராசிரியை தன் மூன்று தடிப் புத்தகங்களையும் நினைத்தார். நீதிபதிகள் சொன்னது, வக்கீல்கள் சொன்னது, அறிஞர்கள் சொன்னது எல்லாம் அவற்றில் இருந்தன. ஆள் எங்கே என்று உலகம் முழுக்கக் கேட்டவர், வந்த ஆளிடம் எங்கே இருந்தாய் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

பக்கத்தில் பிடித்திருந்த கை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டது. பையன் எழுந்து நின்றான். அவர் அவசரமாகக் காலை மடக்கி வழிவிட்டார். அவன் அம்மாவைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்க்கவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் வரிசையைத் தாண்டி, நடுப் பாதையில் இறங்கி, நீதிபதியை நோக்கி நடந்தான்.