கழுத்துக் குழாய்க்கு இன்னும் இரண்டு நாள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலிக்கு ஊழியர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் சோப்பு சிஸ்டர். அதை முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. கையுறை மாட்டிய பிறகு மூக்குக்கண்ணாடியைத் தொட்டுவிட்டார் என்று பெரிய டாக்டரையே மறுபடி போய்க் கை கழுவிவிட்டு வரச் சொன்னவள் அவள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே போனார். நோயாளியின் கழுத்து நரம்பில் குழாய் செருகும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். அந்தக் குழாயின் வாயைத் தொடுவதற்கு முன்னால் ஸ்பிரிட் பஞ்சால் பதினைந்து எண்ணும்வரை தேய்க்க வேண்டும். பத்தோடு நிறுத்தியவர்கள் அன்றைக்குத் தொலைந்தார்கள்.

தினமும் காலையில் ஒவ்வொரு கட்டிலாகப் போய், குழாய் இன்னும் தேவையா என்று பார்த்துப் படிவத்தில் எழுதுவதும் அவள்தான். தேவை தீர்ந்த பிறகு ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் அதன் வழியே கிருமி ஏறிவிடும். பதினொரு மாதமாக அங்கே ஒருவருக்கும் அப்படி ஏறவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாம் கட்டிலில் ஒரு பள்ளி வேன் ஓட்டுநர். நிமோனியா முற்றி வந்தவர். தேறமாட்டார் என்று எல்லோரும் கைவிட்டிருந்தபோது, ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். கழுத்து வழியாக ஏறிக்கொண்டிருந்த மருந்தையும் நிறுத்தியாயிற்று. குழாயை அன்றே எடுத்திருக்க வேண்டும். ஆனால் மனிதருக்குக் கையில் நரம்பே அகப்படாது. வந்த அன்று ரத்தம் எடுக்க ஆறு குத்து. அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு ஊசியைக் கண்டால் குழந்தை மாதிரி அழுவார்.

அவர் மனைவி தையல்காரி. பார்வையாளர் நேரத்தில் சிஸ்டரை வழிமறித்து, வீட்டுக்குப் போகும்வரை கழுத்துக் குழாயிலேயே ரத்தம் எடுத்துக்கொள்ளக் கூடாதா, இரண்டு நாள்தானே என்று கெஞ்சினாள். யாருக்கும் மசியாத சிஸ்டருக்கு அன்றைக்கென்று மனசு இளகிவிட்டது. படிவத்தில் ‘தேவை’ என்று எழுதினாள். மறுநாளும் எழுதினாள். சோப்பு சிஸ்டரே எழுதிய பிறகு கேள்வி கேட்பது யார்? டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஏழாம் நாள் ஓட்டுநருக்குக் குளிர்ஜுரம் தூக்கிப்போட்டது. குழாயை எடுத்து அதன் நுனியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நுனியிலும் ரத்தத்திலும் ஒரே கிருமி. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. பத்தாம் நாள் காலையில் அவர் போய்விட்டார்.

நுரையீரல் மறுபடி மோசமாகிவிட்டது என்று சொல்லி முடித்துவிடலாம் என்றார் டாக்டர். சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘தேவை’ என்று எழுதியது நான், அவர் மனைவியிடம் உண்மையைச் சொல்வதும் நானே என்றாள்.

உறவினர் அறையில் தையல்காரி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள். ஐந்தாம் நாளே எடுத்திருக்க வேண்டிய குழாய், அதன் வழியாகத்தான் கிருமி ஏறியது, தப்பு முழுக்கத் தன்னுடையது. திட்டட்டும், அடிக்கட்டும், புகார் எழுதட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

தையல்காரி திட்டவில்லை.

“நான்தானே சிஸ்டர் கேட்டேன்?”

சிஸ்டர் இதை யோசித்திருக்கவே இல்லை.

“நீங்க கேப்பீங்கம்மா. யாரா இருந்தாலும் கேப்பாங்க. முடியாதுன்னு சொல்லத்தான் என்னை அங்க வெச்சிருக்காங்க.”

“அவருக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் கேட்டேன்.”

“தெரியும்மா.”

“நான் கேக்காம இருந்திருந்தா அன்னைக்கே எடுத்திருப்பீங்களா?”

இல்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும், அந்த அம்மாள் என்றைக்காவது நிம்மதியாகத் தூங்குவாள். சிஸ்டர் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, தையல்காரி தன் தலையில் தானே அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். சிஸ்டர் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.